சென்டர் ஃபார்வர்டு பையனை ரைட் பேக் ஆக்கிவிட்டார்கள். பிஷ்செக் கதை முழுதாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சேரன்மகாதேவி மாமன்:

அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். என் அக்காள் மகனுக்குப் பதினாறு வயது. ஆறாம் வகுப்பிலிருந்து பந்துக்குப் பின்னாலேயே ஓடுகிறவன். எந்த அணியில் ஆடினாலும் சென்டர் ஃபார்வர்டுதான், முன்னால் நின்று கோல் போடுகிற இடம். கோல் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடுவதற்காகவே கால்பந்து ஆடுகிறானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்த ஆண்டு புதிதாக வந்த பயிற்சியாளர் அவனை ரைட் பேக் இடத்தில், அதாவது வலது பக்கத் தற்காப்பில், நிறுத்திவிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. "இனிமேல் நீ அங்கே ஆடு" என்றாராம், அவ்வளவுதான். பையன் வீட்டுக்கு வந்து பூட்ஸைப் புறவாசலில் எறிந்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அக்காள் என்னைக் கூப்பிட்டு, "பந்து வாங்கிக் கொடுத்தவன் நீதானே, நீயே வந்து பேசு" என்றாள்.

நான் போலந்தின் வூகாஷ் பிஷ்செக் கதையை எடுத்து விட்டேன். அவர் ஆடிய ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணியை நான் கவனிக்கத் தொடங்கியதே 2013-இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்திலிருந்துதான். நள்ளிரவு தாண்டிக் கண் விழித்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய கதை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். "அவரும் முதலில் ஃபார்வர்டுதான், பிறகு ரைட் பேக்காக மாறி உலகப் புகழ் பெற்றார்" என்றேன். பையன் திருப்பிக் கேட்டான்: "அவர் ஃபார்வர்டாகத் தேறவில்லை, அதனால்தானே பின்னால் தள்ளினார்கள்? என்னையும் அப்படித்தான் நினைக்கிறார்களா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. எந்த வயதில் மாறினார், யார் மாற்றினார்கள், மாறிய பிறகு என்ன ஆனது, விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பையனும் இதைப் படிக்கப் போகிறான். ஆகவே கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

கூத்தங்குழி வலைக்காரன்:

ரைட் பேக்குக்கு இத்தனை துக்கமா? எங்கள் கரையில் கோயில் திருவிழாப் போட்டிக்கு அணி சேர்க்கும்போது முதலில் பெயர் எழுதுவது பேக்குகளைத்தான். ஃபார்வர்டு ஊருக்கு நூறு பேர் கிடைப்பார்கள்.

போலந்துக்காரன் கதை வேண்டுமென்றால் கமில் க்ளிக் கதையைச் சொல்லுங்கள் மாமா. அவர் பிறவித் தற்காப்பு வீரர். 2012 அக்டோபரில் வார்சாவில் இங்கிலாந்துடன் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று. புத்தம் புதிய மைதானம், மூடுகிற கூரை உண்டு. மழை வரும்போது கூரையை மூடாமல் விட்டுவிட்டார்கள். புல்தரை முழுதும் தண்ணீர். ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. கூரையே இல்லாத நமக்காவது சாக்கு உண்டு. மறுநாள் இங்கிலாந்தின் ரூனி தலையால் முட்டி ஒரு கோல். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் வருகிறது, இங்கிலாந்து கோல்கீப்பர் ஜோ ஹார்ட் வெளியே வந்து பந்தைத் தவறவிடுகிறார், க்ளிக் தலை அங்கே இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று. கோல் போட பேக்குக்கு யாரும் தடை விதிக்கவில்லை என்று பையனிடம் சொல்லுங்கள். 2014-15 பருவத்தில் டொரினோ அணிக்காக இத்தாலி முதல்நிலை லீகில் மட்டும் 7 கோல் போட்டிருக்கிறார் அந்த மனிதர், அதுவும் சென்டர் பேக் இடத்திலிருந்து.

அந்த டொரினோவுக்கு அப்போது அவர்தான் கேப்டன். 1949 மே 4 அன்று சூப்பெர்கா குன்றில் விமானம் மோதி அந்த அணியே அழிந்துபோனது, மொத்தம் 31 பேர். ஆண்டுதோறும் அதே நாளில் குன்றின் மேல் நின்று இறந்தவர்களின் பெயர்களை அணியின் கேப்டன் வாசிக்க வேண்டும். ஒரு போலந்துக்காரர் அந்த இத்தாலி அணியின் பெயர்களை வாசித்தார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் என் அம்மா அழுதாள். அவளுக்குக் கால்பந்தும் தெரியாது, இத்தாலியும் தெரியாது. கடலில் போனவர்கள் பெயரை ஆண்டுத் திருப்பலியில் வாசிக்கக் கேட்டவள்.

பிஷ்செக் பற்றி பாளை அண்ணாச்சி வந்து எழுதுவார். அவர் வந்தால் நீளமாகத்தான் எழுதுவார், காப்பி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாளை விசில்:

வலைக்காரத் தம்பி என்னை வம்புக்கு இழுத்துவிட்டார். சரி.

மாமன் தம்பி, பையன் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இங்கே நேரான கேள்வி அது ஒன்றுதான். ஆம், ஜெர்மனியின் முதல்நிலை லீகில் பிஷ்செக் ஃபார்வர்டாகப் பெயர் வாங்கவில்லை. இதை மறைத்துவிட்டு, "உன்னிடம் பெரிய பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள்" என்று தேன் தடவிச் சொல்லாதீர்கள். பதினாறு வயதுப் பையனுக்குத் தேனுக்குள் இருக்கும் மருந்தின் வாசம் உடனே தெரிந்துவிடும். பள்ளி மைதானங்களில் விசிலோடு காலம் கழித்தவன் நான். பையன்களிடம் பொய் சொன்ன பயிற்சியாளர்கள் ஒரு பருவத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததைப் பார்த்ததில்லை.

ஆனால் "தேறவில்லை" என்ற சொல் அந்த மனிதருக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பிஷ்செக் 1985 ஜூன் 3 அன்று பிறந்தவர். வளர்ந்தது தெற்குப் போலந்தில், சிலேசியாப் பகுதியில், கோச்சவ்கோவிட்சே என்ற சிற்றூரில். விஸ்துலா ஆற்றில் கட்டிய பெரிய நீர்த்தேக்கம் அங்கே உண்டு, நமக்கு மணிமுத்தாறு போல. ஊர் அணியில் தொடங்கி, ஸாப்ஷே நகரத்து க்வாரெக் அணியின் இளைஞர் பிரிவுக்குப் போனார். 2004-இல் 19 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியப் போட்டியில் 4 கோல் போட்டு, அதிக கோல் போட்டவர்களில் துருக்கி வீரர் ஒருவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஐரோப்பாக் கண்டத்திலேயே அந்த வயதில் முதல் வரிசை ஃபார்வர்டு. ஜெர்மனியின் ஹெர்த்தா பெர்லின் அணி அதே ஆண்டு அவரை எடுத்தது அதனால்தான். எடுத்த கையோடு லுபின் நகரத்து ஸாக்வெம்பியே அணிக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பிவிட்டது. அங்கே 2006-07 பருவத்தில் போலந்து லீக் பட்டம். இதெல்லாம் முன்களத்தில் ஆடியபோது நடந்தவை.

பெர்லினுக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கல். 2008 ஐரோப்பியக் கோப்பைக்குப் போலந்து அணியில் முதலில் அவருக்கு இடமில்லை. காயமடைந்த வலது ஓர வீரர் பிளாஷ்சிகோவ்ஸ்கிக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் உள்ளே வந்தார். பெர்லினில் முன்னே ஒரு நாள், ஓரத்தில் ஒரு நாள் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. அப்போது அங்கே பயிற்சியாளர் சுவிட்சர்லாந்துக்காரர் லூசியன் ஃபாவ்ர். அவர்தான் பிஷ்செக்கை வலது பின்களத்துக்கு இறக்கினார். வயது அப்போது இருபத்துமூன்று, இருபத்துநான்கு. உங்கள் பையனைவிட ஏழெட்டு வயது மூத்தவர், கல்யாண வயதுக்காரர். அந்த வயதில் தொழிலில் பாதியைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

2008-09-இல் ஹெர்த்தா நான்காவது இடம். அடுத்த பருவத்தில் ஃபாவ்ரும் போனார், அணியும் கடைசி இடத்துக்கு விழுந்து இரண்டாம் நிலைக்கு இறங்கியது. இறங்கிய அணியிலிருந்து, கட்டணம் ஏதும் இல்லாமல், 2010-இல் டார்ட்மண்ட் அவரை எடுத்துக்கொண்டது. பத்திரிகைகளில் பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை. அந்த இடத்தில் அங்கே ஏற்கெனவே பாட்ரிக் ஓவோமொயேலா இருந்தார்.

இனி நடந்ததை மாமன் பாதி பார்த்திருக்கிறார். யூர்கன் கிளாப் பயிற்சியாளராக இருந்த அந்த அணி 2010-11-இல் லீக் பட்டம் வாங்கியது. 34 ஆட்டங்களில் எதிரணிகளிடம் வாங்கிய கோல் 22 மட்டுமே. அடுத்த ஆண்டும் பட்டம், 81 புள்ளிகள். அதே 2012-இல் ஜெர்மன் கோப்பை இறுதியில் பேயர்ன் மியூனிக்கை 5-2 என்று அடித்தார்கள். முன்னால் லெவண்டோவ்ஸ்கி, வலது ஓரத்தில் பிளாஷ்சிகோவ்ஸ்கி, அவருக்குப் பின்னால் பிஷ்செக். மூன்று பேரும் போலந்து.

பையன் இங்கேதான் கவனிக்க வேண்டும். பந்து ஓரத்தில் பிளாஷ்சிகோவ்ஸ்கி காலுக்கு வரும். அவர் அதை உள்பக்கமாக ஒரு தட்டுத் தட்டுவார். எதிரணியின் லெஃப்ட் பேக் அவரோடு உள்ளே நகர்வான். அந்த நொடியில் பிஷ்செக் கோட்டை ஒட்டி வெளிப்பக்கமாகப் பறந்துகொண்டிருப்பார். அந்த ஓட்டத்தை எப்போது தொடங்க வேண்டும் என்பதை எந்தப் பயிற்சியாளரும் கரும்பலகையில் எழுதிக் கற்றுத்தர முடியாது. சீக்கிரம் ஓடினால் ஆஃப்சைடு (பாஸ் கிளம்பும் முன்பே எதிரணியின் தற்காப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் தவறு), தாமதித்தால் பாஸ் செத்துவிடும். பாஸ் கொடுப்பவனின் தலை நிமிரும் நேரம் எது என்பதை ஆயிரம் முறை பார்த்துப் பழகிய ஃபார்வர்டுக்குத்தான் அது ரத்தத்தில் இருக்கும். ஓடிப்போன பிறகு பந்தை எங்கே போட வேண்டும் என்பதும் அப்படியே. சென்டர் ஃபார்வர்டு எந்தப் பந்துக்காக ஏங்குவான் என்று இன்னொரு சென்டர் ஃபார்வர்டுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

2014 அக்டோபர் 11, வார்சா. அதே ஆண்டு உலகக் கோப்பை வாங்கிய ஜெர்மனியை வரலாற்றில் முதல் முறையாகப் போலந்து தோற்கடித்தது, 2-0. முதல் கோல் வலதுபுறமிருந்து பிஷ்செக் அனுப்பிய உயரப் பந்து. ஜெர்மனி கோல்கீப்பர் மானுவேல் நோயர் கோலை விட்டு முன்னே வந்துவிட்டார், போலந்தின் மிலிக் தலையால் முட்டினார். ஸ்கோர் ஷீட்டில் அந்தக் கோலுக்கு நேரே மிலிக் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்த வீடியோவைப் பையனுக்குக் காட்டுங்கள், ஆனால் மிலிக்கைப் பார்க்க வேண்டாம். பந்து தொடும் முன் பிஷ்செக் ஒரு முறை தலையை நிமிர்த்துகிறாரா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கஷ்டமான பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். லைன் ரெஃப்ரியாகக் கோட்டோரம் நிற்கும்போது, உயர்த்தப் போன என் கொடியை இறக்க வைப்பவன் பெரும்பாலும் புதிதாகப் பின்களத்துக்கு வந்த ஃபார்வர்டுதான். மற்ற மூவரும் முன்னேறி நிற்பார்கள். இவன் ஓர் அடி பின்னால் நின்று எதிரணி முழுவதையும் ஆஃப்சைடிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பான். கண் பந்திலேயே இருக்கும், முதுகுக்குப் பின்னால் யார் வருகிறான் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் வராது. அதற்கு ஒரு பருவம் பிடிக்கும். அந்தப் பருவம் முழுக்கத் திட்டு வாங்க வேண்டும்.

திட்டு என்றதும் 2017 நினைவுக்கு வருகிறது. ஏப்ரல் 11 அன்று டார்ட்மண்ட் அணி போன பஸ்ஸின் அருகே வெடிகுண்டுகள் வெடித்தன. பார்ட்ரா என்ற வீரருக்குக் கையில் காயம். மறுநாளே ஆட வைத்தார்கள். எதிரே மொனாக்கோ, அதில்தான் வலைக்காரரின் க்ளிக் இருந்தார். டார்ட்மண்ட் 2-3 என்று தோற்றது. மூன்றாவது கோல் எப்படி வந்தது தெரியுமா? பிஷ்செக் உள்ளே கொடுத்த பாஸை மொனாக்கோவின் எம்பாப்பே இடையில் பறித்துக்கொண்டு போய்ப் போட்டார். முந்தின நாள் குண்டுவெடிப்பில் தப்பிய மனிதர்! ஆனாலும் மறுநாள் வர்ணனையாளர்கள் அந்தப் பாஸைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஃபார்வர்டு நான்கு வாய்ப்புகளை வீணடித்து ஐந்தாவதைப் போட்டால் தோளில் தூக்குவார்கள், பேக்குக்கு அந்தக் கணக்கு நேர்தலைகீழ். உங்கள் பையன் இந்த வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உடம்புக்கும் விலை உண்டு. அந்த ஓரத்தில் தொண்ணூறு நிமிடம் மேலும் கீழும் ஓடுவது இடுப்பைத் தின்றுவிடும். 2013 வெம்ப்ளி இறுதி ஆட்டத்தை, மாமன் கண் விழித்துப் பார்த்த அதே ஆட்டத்தை, இடுப்பு வலியோடுதான் ஆடினார். ஆடி முடித்ததும் அறுவை சிகிச்சை. அடுத்த பருவத்தில் நவம்பர் வரை களத்தில் இல்லை.

இன்னொரு செய்தி சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்தது அதுதான். 2018-இல் டார்ட்மண்டுக்குப் பயிற்சியாளராக வந்தவர் யார்? அதே ஃபாவ்ர். வலது ஓரத்துக்கு அஷ்ரஃப் ஹக்கிமி வந்துவிட்டார், மின்னல் மாதிரி ஓடுகிற பையன். 2019-20-இல் ஃபாவ்ர் பின்களத்தில் மூன்று பேரை நிறுத்தினார். அந்த மூவரில் வலதுபக்கத்தவர் பிஷ்செக். ஆக, ஒரே மனிதர் அவரைப் பெர்லினில் ஒரு படி பின்னால் இறக்கினார், பத்தாண்டு கழித்து டார்ட்மண்டில் இன்னும் ஒரு படி. கோல்கீப்பர் கையுறையைத்தான் கொடுக்கவில்லை.

2020-21-இல் ரைட் பேக் தோமா முனியே வந்தபின் பிஷ்செக் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. பருவக் கடைசியில் அதே இடத்தில் ஆடிய இளம் பையன் மொரேய்க்கு முழங்காலில் மோசமான காயம். 2021 மே 13 ஜெர்மன் கோப்பை இறுதியில் பிஷ்செக்கின் பழைய 26-ஆம் எண் சட்டை திரும்ப வந்தது. லைப்சிக்கை 4-1 என்று முடித்தார்கள். ஹாலண்ட் இரண்டு கோல், சாஞ்சோ இரண்டு கோல். ஆனால் அன்று ஆட்டம் முடிந்ததும் அணி தூக்கி எறிந்து பிடித்தது பிஷ்செக்கை. டார்ட்மண்டுக்காக 380-க்கு மேல் ஆட்டங்கள். அந்தக் கோடையில் அவர் பணக்கார நாடு எதற்கும் போகவில்லை. கோச்சவ்கோவிட்சேவுக்குத் திரும்பி, போலந்தின் நான்காம் நிலை லீகில் ஊர் அணிக்கு ஆடினார். சிறுவர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றும் அங்கே அவர் பெயரில் நடக்கிறது. 2024-இல் பழைய தோழர் நூரி ஷாஹினுக்கு உதவிப் பயிற்சியாளராக டார்ட்மண்டுக்குப் போனார், 2025 ஜனவரியில் ஷாஹினை நீக்கியதோடு அதுவும் முடிந்தது.

காப்பி ஆறியிருக்கும். நிறுத்திக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: பயிற்சியாளர் ஏன் மாற்றினார் என்று யாராவது அவரிடமே கேட்டீர்களா?

வண்ணார்பேட்டை குறுக்கு விசாரணை:

பெரியவர் எழுதியதில் ஒரு வரியும் தவறில்லை. விட்டுப்போனது ஒன்று உண்டு. லுபின் காலத்தில், 2006-இல், அந்த அணி வீரர்கள் பணம் திரட்டி க்ராகோவியாவுடனான ஆட்டத்தைச் சமநிலையில் முடிக்க ஏற்பாடு செய்த வழக்கில் பிஷ்செக்கும் சேர்ந்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2011-இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் அபராதமும் கிடைத்தன. அதே ஆண்டுதான் டார்ட்மண்டில் முதல் பட்டம்.

பையனுக்கு முன்மாதிரி என்று ஒருவரைக் காட்டினால் கோப்பையை மட்டும் காட்டக்கூடாது என்பது என் கட்சி. பதினாறு வயதில் இணையத்தில் தேட அவனுக்குத் தெரியும். நாளை அவனே கண்டுபிடித்து, "மாமா, இதை ஏன் சொல்லவில்லை?" என்பான்.

பாளை விசில்:

சரியான குறுக்கு விசாரணை. சொல்ல வேண்டியதுதான். உள்ளூர்ப் போட்டிகளிலும் "இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக ஆடு தம்பி" என்று தோளில் கை போடுகிற பெரிய மனிதர்கள் உண்டு. அந்தக் கையைத் தட்டிவிட அவனுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும்.

சேரன்மகாதேவி மாமன்:

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் கேட்ட பிறகு பயிற்சியாளரை நேரில் பார்த்தேன். கோபக்காரர் என்று நினைத்துப் போனேன், பேசுவதற்குக் கூச்சப்படுகிறவர், அவ்வளவுதான். டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டதும் கொட்டிவிட்டார். அணியில் இருந்த இரண்டு ரைட் பேக்குகளும் கல்லூரிக்காகத் தூத்துக்குடி போய்விட்டார்களாம். இருக்கிறவர்களில் இவன்தான் வேகம். இன்னொரு காரணத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கினால் இவன் உடனே இழந்துவிடுகிறான், எதிரே பார்த்து ஓடினால் யாராலும் பிடிக்க முடியவில்லை. "முகத்துக்கு நேரே மைதானம் இருக்க வேண்டும் இவனுக்கு" என்றார்.

இதைப் பையனிடம் அப்படியே சொன்னேன். லுபின் வழக்கையும் சேர்த்துச் சொன்னேன். வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "முதுகு காட்டி நின்றால் இழக்கிறேனா?" என்பதை மட்டும் நான்கு முறை கேட்டான். பிறகு 2014 ஜெர்மனி ஆட்டத்தின் வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். பூட்ஸை அக்காள் கழுவி வைத்திருக்கிறாள், இன்னும் அவன் தொடவில்லை.

பெரியவரே, ஒருவேளை அவன் திரும்பிப் போனால், அந்த ஓர் அடி பின்னால் நிற்கும் வியாதிக்கு மருந்து என்ன?

பாளை விசில்:

உங்கள் பயிற்சியாளர் விஷயம் தெரிந்தவர். கூச்சம் மட்டும்தான் குறை. அவருக்குத் தொந்தரவு கொடுக்காமல் அவர் சொல்படி ஆடட்டும்.

மருந்துக்குப் பந்துகூட வேண்டாம். நான்கு பையன்களைப் பின்கள வரிசையில் நிறுத்துங்கள். ஒருவன் எதிரே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கட்டும். அவன் முதுகைத் திருப்பினால் நால்வரும் நான்கு எட்டு முன்னேற வேண்டும், முகத்தைத் திருப்பித் தலையைத் தூக்கினால் பின்வாங்க வேண்டும். சென்டர் பேக் ஒருவன் குரல் கொடுப்பான். உங்கள் பையன் அந்தக் குரலுக்கு நகரட்டும், பந்துக்கு அல்ல. இதற்கிடையில் பின்னால் ஒருவன் சத்தமில்லாமல் வந்து விரல்களைக் காட்டி நிற்பான், எத்தனை விரல் என்று இவன் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அலுப்பான வேலைதான். வெயில் சாய்ந்த பிறகு கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் பையன்கள் விளையாட்டுக் காட்டத் தொடங்குவார்கள்.

குறுக்குப் பந்துக்குத் தனியாகப் பழக வேண்டும். ஓடிக்கொண்டே அடிக்க வேண்டும், நிறுத்தி வைத்து அடிப்பதில் பயனில்லை. முதலில் தரையோடு போகிற பந்து, கோலிலிருந்து விலகிப் பின்னோக்கி வருகிற மாதிரி. உயரப் பந்து பிறகு.

கூத்தங்குழி வலைக்காரன்:

உயரப் பந்தை ஆனி, ஆடியில் பழகாதீர்கள் மாமா. கணவாய்க் காற்று தூக்கிக்கொண்டு போய் யார் வீட்டு மாடியிலாவது போட்டுவிடும். அதுவும் எங்கள் கரைக்கு ஆட வந்தால் உயரப் பந்தை மறந்துவிட வேண்டும், காற்றாடிகளைப் பார்த்தாலே தெரியும். தரையோடு அடிக்கத் தெரிந்த பேக் என்றால் பெயரை அனுப்புங்கள், அடுத்த திருவிழாவுக்கு எங்கள் அணியில் வலது பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. சாப்பாடு எங்கள் பொறுப்பு, பஸ் டிக்கெட் உங்கள் பொறுப்பு.

சேரன்மகாதேவி மாமன்:

அவனிடம் கேட்டேன். "ஃபார்வர்டு இடம் காலியாக இல்லையா?" என்று கேட்கச் சொல்கிறான்.

கூத்தங்குழி வலைக்காரன்:

இல்லை. அதற்கு ஏற்கெனவே பதினோரு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.